தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை

முதல் கிண்ணத்தை வாயில் வைத்ததுமே வடிவுக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கும் ஒன்றும் நடக்கப்போவதில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, லேசாக இனித்தது, மாவு நாக்கில் கொஞ்சம் நறநறத்தது, அதோடு சரி. துப்பிவிட்டுத் தண்ணீரால் வாயைக் கொப்பளித்தாள், நாலு பொரியை எடுத்து மென்றாள். கதவைச் சாத்தினால் ஒரே ஒரு ஆள் உட்கார இடமிருக்கிற ஏழாம் அறை. தலைக்கு மேலே சிவப்பு விளக்கு, நிறத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று. எதிர்ச்சுவரில் ஒரு சின்னத் திறப்பு, அது வழியாகப் பிரான்சிஸ் தள்ளிவிட்டுப்போன தட்டு, தட்டில் மூன்று வெள்ளைக் கிண்ணங்கள், 418, 752, 296. குழந்தைகளுக்கான கடலைச் சத்துமாவுக் கரைசல். இரண்டில் ஒரே மாவு, ஒன்றில் வேறு மாவு. ஒன்று ஒப்புப் பார்க்கவென்று குளிரில் பாதுகாத்து வைத்திருக்கிற நல்ல மாவு, மற்றது இன்று காலை கம்பெனியிலிருந்து வந்து இறங்கியது. எந்தக் கிண்ணம் வேறு என்று சொல்ல வேண்டும், வேலை அவ்வளவுதான். இப்படி ஒன்பது அறைகளில் ஒன்பது பேர், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், வாயைத் திறந்து பேசாமல். ஒன்பதில் ஆறு பேர் சரியாகச் சொல்லிவிட்டால் சரக்கில் ஏதோ கோளாறு என்று நிறுத்திவிடுவார்கள். அஞ்சு பேர் என்றால் விட்டுவிடுவார்கள். ஆறு என்றால் நிற்கும், அஞ்சு என்றால் போகும். இந்த வேலைக்கெல்லாம் தலைவி வடிவுதான், முனைவர் சண்முகவடிவு, இருபத்துமூன்று வருஷமாக இந்த விருதுநகர்ப் பரிசோதனைக்கூடத்தில் மோந்து மோந்தே காலம் தள்ளியவள். எண்ணெய் மில்காரர்கள் எத்தனை மெஷின் ரிப்போர்ட்டைக் காட்டினாலும் நம்பாமல், "மேடம் மோந்து பாத்துட்டாங்களா, அதைச் சொல்லுங்க" என்று கேட்கிற அளவுக்குப் பேர் எடுத்த மூக்கு. அந்த மூக்கு செத்துப்போய் நாற்பத்தொரு நாளாகிறது. அது இங்கே யாருக்கும் தெரியாது.

தட்டோடு வந்த தாளில் மூன்று எண்கள், மூன்று கட்டங்கள், கீழே குறிப்பு எழுத ஒரு கோடு. தெரியவில்லை என்று எழுத இடமில்லை. வேண்டுமென்றே விட்டதுதான். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் நாளே கேட்பார்கள், "தெரியலைன்னா என்ன மேடம் எழுதுறது?" வடிவு சிரிப்பாள். "தெரியலைன்னாலும் ஒண்ணைக் குறிக்கணும். உங்களுக்குத்தான் தெரியலை, உங்க மூக்குக்குத் தெரியும். அதை நம்புங்க." என்ன பேச்சு பேசியிருக்கிறாள்! மூக்குக்கும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு ஆளாவது திருப்பிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்தினாலும் மூன்றில் ஒரு தடவை சரியாக விழும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆறு பேர் வேண்டுமென்று வைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொடுக்கிறவளே குருட்டாம்போக்கில் குத்துவாள் என்பதற்கு மட்டும் கணக்கு வைக்கவில்லை. இரண்டாவது கிண்ணத்தை எடுத்தாள், மூக்குக்குக் கீழே வைத்து மூன்று தடவை சிறுசிறு மூச்சாக இழுத்தாள், பயிற்சியில் சொல்லிக்கொடுப்பாளே அதே மாதிரி. காற்று போனது, வந்தது. காய்ச்சல் மூன்றே நாள்தான். நாலாம் நாள் காலையில் காபி கலந்து குடித்தால் வெறும் கசப்பும் சர்க்கரையும், இது என்னடா எழவு என்று காபிப்பொடிக்காரனைத்தான் முதலில் திட்டினாள். பிறகு கடுகு தாளித்தாள், சத்தம் வந்தது, வாசம் வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பெருங்காய டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே நுழைக்காத குறையாக மோந்தாள். ஒன்றுமில்லை. மதுரையில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம்மா, வராமலும் போகலாம், ஆறு மாசம் பாருங்க" என்றார், என்ன வேலை பார்க்கிறீங்க என்று கேட்டார், "டீச்சர்" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? டாக்டரிடம் கூடவா? சொல்லியிருந்தால் அவர் என்ன, ஐயோ பாவம் என்றிருப்பார், அதைத்தான் தாங்க முடியாது. ஆறு மாசம் லீவு போட்டிருக்கலாம். லீவுக்குக் காரணம் எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் அதற்குப் பிறகு வடிவு என்று ஒருத்தி எதற்கு? வேறு என்ன தெரியும் அவளுக்கு? சோறு தின்னும்போது பஞ்சைத் தின்கிற மாதிரி இருக்கிறது, பழைய நினைப்பில் விழுங்கிவைக்கிறாள், கேஸ் சிலிண்டரை நாளுக்குப் பத்துத் தடவை திருகித் திருகிப் பார்க்கிறாள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. அம்மா விஷயம்தான்.

அம்மா விஷயத்தை இப்போது நினைக்கக் கூடாது. கிண்ணம். 752. இனிப்பு அதே இனிப்பு, உப்பு இல்லை, கசப்பு... கசப்பு இருக்கிறதா? இல்லை. கடலை பழசானால் வருகிற காறல், அந்த அடித்தொண்டை எண்ணெய் வாடை, அது நாக்குக்கு எட்டாது, நாக்கு பாவம் நாலஞ்சு சுவைக்கு மேல் அறியாதது, மற்ற அத்தனையும் மூக்கின் தயவு. அன்றைக்கும் வடிவு அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடக்கிறாள் அம்மா, பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருவாள். அன்று காலையில் வடிவு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குக் காபியை ஆற்றி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள், பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு பேசினாள், நெற்றியைத் துடைத்துவிட்டாள், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் போன் பண்ணினாள். "ஏன் மேடம், ராத்திரியே பெரியம்மாவுக்கு வெளிக்குப் போயிருக்கு போல, முதுகு வரைக்கும் காஞ்சு கெடக்கு, இப்படியே விட்டுட்டா போவாங்க?" அதன் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணம் பேசியிருக்கிறாள்! சாயந்திரம் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை?" என்றாள். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "உனக்குத்தான் எல்லா வாடையும் தெரியுமே தாயி. தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லாமப் போறியேன்னா, சலிச்சுப்போச்சாக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு மூக்கு போய்விட்டது அம்மா, சலிப்பெல்லாம் இல்லை அம்மா. வாய் வரைக்கும் வந்தது. ஊரெல்லாம் மகளின் மூக்கைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற அம்மா. சொல்லவில்லை. மகள் தன்னை வெறுப்பதாகப் பெற்றவள் நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, மூக்கு போனது தெரியக் கூடாது, அப்படி என்ன மூக்கு அது, தூ. மூன்றாவது கிண்ணத்தில் கொஞ்சம் வாயில் ஊற்றி, நாக்கைச் சுழற்றித் துப்பினாள்.

பக்கத்து அறையில் குருவம்மா முடித்துவிட்டாள், பென்சிலை வைக்கிற சத்தம் கேட்டது. பாட்டில் கழுவுகிற பகுதியில் வேலைக்கு வந்த குருவம்மாவை ருசிக் குழுவுக்கு இழுத்துக்கொண்டு வந்தது வடிவுதான். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "இந்த டப்பாவுல மீன் எண்ணெய் இருந்துச்சு, அப்புறம் சீயக்காய் இருந்துச்சு" என்று அவள் பாட்டுக்குச் சொன்னாள், இரண்டுமே சரியாக இருந்தது. குருவம்மா மூன்றையும் ஒரு தடவைக்கு மேல் வாயில் வைக்க மாட்டாள். வைத்தால் குழம்பும் என்பாள். அவளுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்குமோ? ருசி நாளில் யாரும் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காபிகூடக் கூடாது என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறது, போன வாரம் குருவம்மா கொண்டை நிறைய மல்லிகையோடு உள்ளே வந்து வடிவுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று பத்து நிமிஷம் பேசினாள். பக்கவாட்டில் பார்க்காததால் வடிவுக்குத் தெரியவில்லை. அறைக்குள் போய்விட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். "அய்யய்யோ, கோயில்ல குடுத்த பூ மேடம், மறந்தே போச்சு. நீங்களும் ஒண்ணும் சொல்லலையே!" வடிவு அசரவில்லை. "நீங்களா எடுக்கிறீங்களான்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். எவ்வளவு சுளுவாக வருகிறது பொய். குருவம்மா வெட்கப்பட்டு மன்னிப்பு வேறு கேட்டாள். சரி, குறித்துத் தொலைக்க வேண்டும், பிரான்சிஸ் காத்திருப்பான். 418 முதலில் இருந்தது, முதலில் இருப்பதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போன தடவை நடுவில் இருந்ததைக் குறித்தாள். அதனால் இந்தத் தடவை நடு வேண்டாம். இதுதான் ஆராய்ச்சி, இதுதான் இருபத்துமூன்று வருஷப் படிப்பு. 296க்கு நேரே கட்டத்தில் டிக் போட்டாள். அதோடு எழுந்திருந்தால்கூட மனசு ஓரளவு ஆறியிருக்கும், தெரியாதவர்களும் ஒன்றைக் குறிக்கத்தானே வேண்டும். ஆனால் கை நிற்கவில்லை, குறிப்புக் கோட்டில் போய், 'லேசான காறல், பின்சுவையில்' என்று எழுதிவிட்டது. எழுதியதைப் பார்த்தாள். அழகான கையெழுத்து. தாளைத் திறப்பு வழியாகத் தள்ளினாள்.

வெளியே வந்தபோது வராந்தாவில் எல்லாரும் நின்றிருந்தார்கள். ருசி முடிந்ததும் ஆளுக்கொரு டம்ளர் காபி உண்டு, அதற்கான கூட்டம். பிரான்சிஸ் ஒன்பது தாளையும் மேஜைமேல் பரப்பி, அவன் மட்டுமே அறிந்த எண் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்துநாலு வயது, கணக்கில் சூரன், மூக்குதான் அவனுக்கு அத்தனை கூர்மை கிடையாது, அதனாலேயே தட்டுத் தள்ளுகிற பக்கம் அவனை வைத்திருந்தாள்.

"அஞ்சு சரி," என்றான் தலையை நிமிர்த்தாமல். "இருங்க, ஏழாம் அறை பாக்கலை... ஆறு! மேடம் பிடிச்சிட்டாங்க. 296 தான் இன்னிக்கு வந்த மாவு. சரக்கு நிக்குது."

"நான் நெனைச்சேன்," என்றாள் குருவம்மா. "வாயில வச்சதும் கொமட்டுச்சு. பச்சப்பிள்ளைக்கு இதைக் குடுத்தா வயித்தால போயிருக்கும்."

"அஞ்சோட நின்னிருந்தா போயிருக்கும்ல இந்நேரம்," என்றான் பிரான்சிஸ். "மேடம் மட்டும் இன்னிக்கு உக்காரலைன்னா அவ்வளவுதான்."

வடிவு எட்டிப் பிரான்சிஸின் பட்டியலைப் பார்த்தாள். சரியாக இருந்தது! அப்படியென்றால் மூக்கு செத்துவிடவில்லையா? உங்களுக்குத்தான் தெரியவில்லை, உங்கள் மூக்குக்குத் தெரியும், தானே சொன்னதுதானே அது, தனக்கே பலித்துவிட்டதா? லேசான காறல் என்று கை தானாக எழுதியதே, சும்மாவா எழுதும்? சிரிப்பும் அழுகையுமாகக் கும்பிடுகிற சாமியைக் கூப்பிட்டாள், குமாரசாமி, என்னைக் கைவிட்டுவிடவில்லையடா நீ. காபியை எடுக்காமல் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பயிற்சிக்கு வைத்திருக்கிற வாசனைக் குப்பிகளின் அலமாரியைத் திறந்தாள். கிராம்பு எண்ணெய். மோந்தாள். நல்ல மூக்கென்றால் இதற்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இன்னொரு தடவை, ஆழமாக. பச்சைக் கற்பூரம். பூண்டு எண்ணெய். கடைசியில் கீழ்த்தட்டில் காறல் பழக்குவதற்கென்றே வைத்திருக்கிற பழைய கடலை எண்ணெய், பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி மோந்துவிட்டு வாந்தி எடுத்த குப்பி. காற்று போனது, வந்தது. ஒன்றுமேயில்லை. மூன்றில் ஒன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி. நாற்காலியில் உட்கார்ந்தாள். பரவாயில்லையே, நல்லதுதானே நடந்திருக்கிறது? மனசு உடனே வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. இப்போது போய் நிஜத்தைச் சொன்னால் என்ன ஆகும், அவள் தாள் செல்லாது, எட்டுப் பேரில் அஞ்சு என்றாகும், எட்டுப் பேர் என்றாலும் ஆறு வேண்டும், சுவரில் ஒட்டிய அட்டவணையிலேயே இருக்கிறது, மாவு ஜம்மென்று கிளம்பிப் போய்விடும். பொய் சொன்னால் பிள்ளைகள் தப்பும், நிஜம் சொன்னால் மாவு தப்பும். ஆகவே வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் புண்ணியம், ஆண்டவனே பார்த்து அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறான். எவ்வளவு நேர்த்தியாகப் பொருந்துகிறது! சரக்கை நிறுத்துகிற உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் தலைவியே செல்லாது என்று சொன்னால் மொத்தச் சோதனையையும் ரத்து செய்து நாளைக்கு வேறு ஆளை வைத்து மறுபடி நடத்தலாம், அதுவரை சரக்கு நகராது, அந்த விதியையும் எழுதியவள் இவள்தான். அது ஏன் முதலில் நினைவுக்கு வரவில்லை? வராது. அதற்கு வாயைத் திறக்க வேண்டுமே. ஏழாம் அறையில் வழக்கமாக உட்காருகிற செல்வராணி பிரசவ லீவில் போனதிலிருந்து அவள் இடத்தில் இதோடு நாலு தடவை உட்கார்ந்தாயிற்று. இன்றைக்குச் சரியாக விழுந்தது. மற்ற மூன்று?

கோப்பை இழுத்தாள். இழுக்காமல் இருந்திருக்கலாம் என்று இழுக்கும்போதே தோன்றிற்று. முதல் தாள், நல்லெண்ணெய், ஒன்பதில் இரண்டு, பாதகமில்லை. மூன்றாவது, முறுக்கு, ஒன்பதில் எட்டு, இவள் இல்லாமலே நின்றிருக்கும். நடுவில் இருந்தது பன்னிரண்டாம் தேதித் தாள். கடலைச் சத்துமாவு, இதே கம்பெனி. ஒன்பதில் அஞ்சு சரி. குருவம்மா சரி. தவறிய நாலு பேரில் ஏழாம் அறையும் ஒன்று, நடுக் கிண்ணத்துக்கு டிக், குறிப்பில் 'வித்தியாசம் மிகச் சொற்பம்'. அதே அழகான கையெழுத்து. அடியில் 'அனுமதிக்கலாம்' என்று முத்திரை, அதற்கும் கீழே இவள் பேர். மூக்கு இருந்திருந்தால் ஆறு. ஆறு என்றால் நிற்கும். அந்த மாவு இப்போது எத்தனை வீட்டு டப்பாவில் இருக்கிறதோ, எத்தனை பிள்ளை வாயில் போகிறதோ. உசுருக்கு ஆபத்தில்லைதான், வயிறு கெடும், பிள்ளை மெலியும், எதனால் என்று யாருக்கும் பிடிபடாது. அதைத் திருப்பி எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அதைச் சொன்ன பிறகு இந்த நாற்காலி கிடையாது, அலமாரி கிடையாது, மேடம் மோந்து பார்த்துட்டாங்களா கிடையாது. வீட்டில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பாள் அம்மா, மகளுக்குச் சலித்துவிட்டது என்ற நினைப்போடு. இன்னும் எத்தனை பேரை இப்படித் தப்பாக நினைக்கவிட்டு இந்த மூக்கைக் காப்பாற்றுவது? கதவைத் திறந்து, "பிரான்சிஸ், கொஞ்சம் உள்ள வாங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவன் காபி டம்ளரோடு வந்தான்.

"இன்னிக்கு நான் எழுதுன தாளை எடுத்துருங்க. அது செல்லாது. எனக்கு மூக்கு தெரியலை."

"சளியா மேடம்?"

"சளி இல்லை. காய்ச்சலோட போயிருச்சு. நாப்பத்தொரு நாளா ஒரு வாடையும் தெரியலை. குத்துமதிப்பாத்தான் குறிச்சேன். இன்னிக்குச் சரக்கை விட வேண்டாம், நாளைக்கு வேற ஆளை உக்கார வச்சு மறுபடி பாருங்க. நான் இல்லாம." இவ்வளவும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. சொல்வதற்கு இவ்வளவுதானா இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அப்புறம் இது. பன்னண்டாம் தேதி மாவு. என்னாலதான் இது அஞ்சாப் போச்சு. கம்பெனிக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன், கடையில இருக்கிறதை எல்லாம் திருப்பி எடுக்கணும்."

பிரான்சிஸ் தாளை வாங்கினான். அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள், ஏசுவான், இல்லை, பரிதாபப்படுவான், இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றாள். அவன் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சோதனைக்கு வந்ததுல மிச்ச பாக்கெட்டை நான்தான் மேடம் எடுத்துட்டுப் போனேன்," என்றான். "ஆறு பாக்கெட். பாப்பாவுக்குன்னு."

அவன் குழந்தைக்குப் பதினோரு மாசம். பெயர் வைத்தபோது வடிவு மோதிரம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"வாடை ஒரு மாதிரி இருக்குன்னு வீட்ல ஜெனிட்டா சொன்னா. நான்தான், எங்க மேடம் கையெழுத்துப் போட்டது, உனக்கு என்ன தெரியும்னு வாயை அடைச்சுட்டேன். பாப்பா வாயில வச்சதும் துப்புறா மேடம், தினமும். அடம் பண்றாள்னு நெனைச்சோம்."

"துப்புனா அப்புறம் எப்படிக் குடுக்கிறீங்க?" ஏன் கேட்டாள் என்று தெரியவில்லை. கேள்வி கேட்டே பழகிய வாய்.

பிரான்சிஸ் டம்ளரை மேஜைமேல் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்துறோம் மேடம்," என்றான், சட்டைப்பையில் போனைத் தேடிக்கொண்டே.